டிப்ளமோ வழியாக மெக்கானிக்கல் பி.இ.

எண்ணூர், திருவொற்றியூர், ராயபுரம் பக்கம் பத்தாவது முடித்த பிள்ளை பாலிடெக்னிக்கில் சேர்ந்தால், "அப்போ இன்ஜினியர் ஆக முடியாதா?" என்று வீட்டில் கவலைப்படுகிறார்கள். முடியும். நான் அப்படித்தான் ஆனேன். வருடங்களைக் கூட்டிப் பாருங்கள். பிளஸ் டூ இரண்டு, பி.இ. நான்கு, ஆக ஆறு. டிப்ளமோ மூன்று, லேட்டரல் என்ட்ரியில் நேரடி இரண்டாம் ஆண்டு சேர்ந்து மூன்று, அதுவும் ஆறு. இரண்டு வருட ஐ.டி.ஐ. முடித்தவர் டிப்ளமோவில் நேராக இரண்டாம் ஆண்டு சேரலாம் என்பதால் அவருக்கு ஏழு. கூடுதலாகப் போகும் அந்த ஒரு வருடத்துக்குப் பதிலாகக் கையில் ஒரு தொழில் இருக்கும்.

அசோக் லேலண்டும் என்ஃபீல்டும் வந்த நாளிலிருந்து ஃபிட்டர், டர்னர், வெல்டர் என்றே குடும்பங்கள் வளர்ந்த பகுதி இது. டிப்ளமோ முடித்து இங்கே ஒரு தொழிற்சாலையில் அப்ரன்டிஸாக இருந்துவிட்டுத்தான் நான் பி.இ. போனேன். மெஷின் டிராயிங், ஒர்க்‌ஷாப், உற்பத்தித் தொழில்நுட்பம் எல்லாம் எனக்கு லேசாக வந்தன. கணக்குதான் வாட்டியது. லேட்டரலில் வருபவர் முதல் இரண்டு செமஸ்டர் கணிதத்தைப் படிக்காமலே மூன்றாவது செமஸ்டரில் உட்காருகிறார். அங்கே ஃபூரியர் தொடரும் பகுதி வகைக்கெழுச் சமன்பாடும் காத்திருக்கும். சேர்வதற்கு முந்தைய கோடையில் தொகையீடு, வகைக்கெழுச் சமன்பாடு இரண்டையும் பிளஸ் டூ புத்தகத்திலிருந்தே போட்டுப் பழகிவிடுங்கள். நான் பார்த்தவரை டிப்ளமோ பிள்ளைகள் அரியர் வைப்பது பெரும்பாலும் இந்த மூன்றாவது செமஸ்டர் கணிதத் தாளில்தான்.

பிளஸ் டூ வழியில் போகிறவர்களுக்கு 2007 முதல் மாநில நுழைவுத்தேர்வு கிடையாது. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200-க்குக் கட்-ஆஃப் போடுகிறார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தை அரசே கட்டுகிறது. தொழிற்கல்விப் பிரிவு மாணவர்களும் விண்ணப்பிக்கலாம். வீட்டில் முதல் பட்டதாரி என்றால் கட்டணச் சலுகை தனி.

இந்தச் சலுகைகள் கலந்தாய்வில் வாங்கும் இடத்துக்கு மட்டுமே. கலந்தாய்வு தொடங்குமுன் "சீட் தீர்ந்துவிடும்" என்று பயமுறுத்தி மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்க்கச் சொல்பவர்களிடம் முன்பணம் கொடுக்காதீர்கள். சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று ஆகியவற்றுக்கு இ-சேவை மையத்தில் ஏப்ரலிலேயே விண்ணப்பியுங்கள். ஜூனில் போனால் கூட்டத்தில் நிற்க வேண்டிவரும். டிப்ளமோ படித்தவர்கள் எல்லா செமஸ்டர் மதிப்பெண் பட்டியலையும் பத்திரப்படுத்துங்கள். என் காலத்தில் லேட்டரல் கலந்தாய்வுக்குக் காரைக்குடி அழகப்பா செட்டியார் பொறியியல் கல்லூரிக்கு இரவு பஸ் ஏறிப் போனோம். இப்போது இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம்.

இன்னொன்றும் அடிக்கடி காதில் விழுகிறது. "இப்போதைக்கு எங்கேயாவது சேர்ந்துக்கலாம், அடுத்த வருஷம் வீட்டுப் பக்கம் மாத்திக்கலாம்." கல்லூரி மாறுவது அவ்வளவு சுலபம் இல்லை. போகிற கல்லூரியில் அதே பிரிவில் காலியிடம் இருக்க வேண்டும். இரண்டு கல்லூரியும் ஆட்சேபம் இல்லை என்று எழுதித் தர வேண்டும். தொழில்நுட்பக் கல்வி இயக்ககமும் பல்கலைக்கழகமும் அனுமதிக்க வேண்டும். தன்னாட்சிக் கல்லூரியிலிருந்து வந்தால் பாடத்திட்டத்தை ஒப்பிட்டு, விடுபட்ட தாள்களைத் தனியாக எழுதச் சொல்வார்கள். செமஸ்டர் நடுவில் இதையெல்லாம் முடிக்க முடியாது.

அதனால் விருப்பப் பட்டியல் நிரப்பும்போதே பயணத்தையும் கணக்கில் எடுங்கள். 2021-இல் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்தபின் கிண்டி, தரமணிப் பக்கம் தினமும் போய்வருவது நமக்குக் கைக்கெட்டும் காரியம் ஆகிவிட்டது. ஊருக்கு வெகு தொலைவில், லேப் வசதி இல்லாத கல்லூரியை வரிசையில் சேர்க்காமலே விடலாம். வகுப்பு தொடங்குமுன் விலகினால் ஏ.ஐ.சி.டி.இ. விதிப்படி அதிகபட்சம் 1,000 ரூபாய் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும். அசல் சான்றிதழ்களைக் கல்லூரி தன்னிடம் வைத்துக்கொள்ளவும் கூடாது. யாராவது மறுத்தால் எழுத்தில் கேளுங்கள், பிள்ளையைத் தனியாக அனுப்பாமல் பெற்றோரும் கூடப் போங்கள்.