இதயத் தசையின் இழைகள்: பிடிக்கும் கைகளும் விடும் கைகளும்

நம் இதயம் ஒரு நாளில் ஏறத்தாழ ஒரு லட்சம் முறை துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் அது சுருங்கி இரத்தத்தை வெளியே தள்ளுகிறது. பின்னர் தளர்ந்து மீண்டும் நிரம்புகிறது. இந்த விசை எங்கே பிறக்கிறது என்று அறிந்துகொண்டால், எக்கோ அறிக்கையில் காணப்படும் ‘தசை தடித்துள்ளது’ என்ற சொற்களின் பொருள் விளங்கும். ஒருவருக்கு நோய் இருக்க, அவருடைய உடன்பிறந்தாரையும் பிள்ளைகளையும் மருத்துவர் ஏன் அழைக்கிறார் என்பதும் விளங்கும்.

செல்லுக்குள் நடப்பது என்ன?

இதயத் தசைச் செல் ஒவ்வொன்றிலும் நுண்ணிழைகள் கட்டுக்கட்டாக நீளவாக்கில் அமைந்துள்ளன. ‘சார்கோமியர்’ எனப்படும் சிறு அலகுகள் வரிசையாகக் கோக்கப்பட்டு இவ்விழைகள் உருவாகின்றன. ஓர் அலகின் நீளம் சுமார் 2 மைக்ரோமீட்டர். ஒரு மில்லிமீட்டர் இடத்தில் ஏறக்குறைய 500 அலகுகள் அடங்கிவிடும். அலகினுள் ஆக்டின் என்னும் மெல்லிய இழைகளும் மயோசின் என்னும் தடித்த இழைகளும் உள்ளன. தசை சுருங்கும்போது இவ்விழைகள் குறுகுவதில்லை. ஒன்றின் இடையே மற்றொன்று வழுக்கிச் செல்கிறது. ஆண்ட்ரூ ஹக்ஸ்லி, ரால்ஃப் நீடர்கெர்கே ஆகிய இருவரும், ஹியூ ஹக்ஸ்லி, ஜீன் ஹான்சன் ஆகிய இருவரும் 1954-ஆம் ஆண்டில் தனித்தனியே இதனை வெளியிட்டனர்.

கிணற்றில் நீர் இறைப்பவர் கயிற்றைக் கை மாற்றிக் கை மாற்றி இழுப்பதை நாம் அறிவோம். மயோசின் இழையிலிருந்து நீளும் சிறு தலைகளும் அவ்வாறே ஆக்டினைப் பற்றி, இழுத்து, விட்டு, மீண்டும் பற்றுகின்றன. ஒரு தலை ஒரு முறை இழுக்கும் தொலைவு சில நானோமீட்டர்களே. கோடிக்கணக்கான தலைகள் சேர்ந்து இழுப்பதால்தான் அது ஒரு துடிப்பாகிறது.

இழுக்கும் கட்டளையைத் தருவது கால்சியம். மின்தூண்டல் செல்லை அடைந்ததும் கால்சியம் பெருகி, ட்ரோப்போனின் என்னும் புரதத்தில் சேர்கிறது. அப்போது ஆக்டினை மறைத்திருக்கும் திரை விலகுகிறது. நெஞ்சுவலியோடு வருபவருக்கு இரத்தத்தில் நாங்கள் பார்ப்பதும் இதே ட்ரோப்போனினைத்தான். தசை சிதையும்போது அது இரத்தத்தில் கசிகிறது.

இங்கே கருதத்தக்க உண்மை ஒன்று உண்டு. பற்றிய கை விடுவதற்கும் ஆற்றல் தேவை. ஏ.டி.பி. என்னும் ஆற்றல் மூலக்கூறு வந்து சேர்ந்தால்தான் மயோசின் தலை ஆக்டினை விட்டு விலகும். கால்சியத்தை மீண்டும் அதன் சேமிப்பிடத்திற்கு அனுப்பவும் ஆற்றல் செலவாகிறது. எனவே தளர்வதும் இதயத்திற்கு ஓர் உழைப்பே.

மதுரைக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

எல்லாத் தலைகளும் ஒரே நேரத்தில் பாய்ந்து இழுத்துவிடாமல் அடக்கி ஆள்வதில் ‘மயோசின் பிணைப்புப் புரதம் சி’ பெரும் பங்கு வகிக்கிறது. இதனை உருவாக்கும் மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டுப்போகும் மாற்றம் ஒன்று தெற்காசிய மக்களிடையே, ஏறத்தாழ 100 பேரில் 4 பேரிடம் காணப்படுகிறது. இம்மாற்றத்திற்கும் இதயத் தசை நோய்க்கும் உள்ள தொடர்பை விரிவாக எடுத்துக்காட்டிய ஆய்வு 2009-இல் ‘நேச்சர் ஜெனடிக்ஸ்’ இதழில் வெளிவந்தது. ஐதராபாத்தின் உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தைச் சேர்ந்த குமாரசாமி தங்கராஜும், பெருந்துறை தண்டபாணி முதலானோரும் நடத்திய அவ்வாய்வில் மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் பங்கேற்றனர்.

இம்மாற்றம் உள்ளவர் அனைவரும் நோயாளிகள் அல்லர். பலர் முதுமை வரை நலமாக வாழ்கின்றனர். சிலருக்கு நடு வயதிற்குப் பின் இதயம் பலவீனமடைகிறது. இத்தகைய மரபணு மாற்றம் பெற்றோரில் ஒருவரிடம் ஒரு பிரதியாக இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வந்துசேர 50 விழுக்காடு வாய்ப்புண்டு. மாமன் மகளையோ அக்காள் மகளையோ மணக்கும் குடும்பங்களில், தாய் தந்தை இருவரிடமிருந்தும் அதே மாற்றம் குழந்தைக்குச் சேரும் வாய்ப்பு கூடுகிறது. அவ்வாறு இரு பிரதிகளையும் பெற்ற குழந்தைகளுக்கு நோய் சிறு வயதிலேயே கடுமையாகத் தோன்றலாம்.

குடும்பத்தார் செய்ய வேண்டுவன

தசை தடிப்பு நோயில் இதயம் பெரும்பாலும் வலுவாகவே சுருங்கும். தளர்வதில்தான் குறை தொடங்கும். அதனால் ‘பம்பிங் நன்றாக இருக்கிறதே’ என்று கவலையற்று இருத்தல் கூடாது.

குடும்பத்தில் ஒருவருக்கு இந்நோய் உறுதியானால், பெற்றோர், உடன்பிறந்தார், பிள்ளைகள் ஆகியோர் ‘எனக்கு ஒரு தொந்தரவும் இல்லையே’ என்று ஒதுங்காமல் இ.சி.ஜி.யும் எக்கோவும் எடுத்துக்கொள்ள வேண்டும். முதல் பரிசோதனை சீராக இருந்தாலும், மருத்துவர் குறிக்கும் கால இடைவெளியில் மீண்டும் பார்க்க வேண்டும். நோய் பிற்காலத்திலும் தோன்றக்கூடும்.

ஓடும்போதோ விளையாடும்போதோ மயங்கி விழுதல், படியேறினால் மூச்சு வாங்குதல், காரணமின்றிப் படபடப்பு, இளம் வயதில் உறவினர் திடீரென இறந்த வரலாறு ஆகியவற்றை மருத்துவரிடம் மறவாமல் கூறுங்கள். மயக்கத்தை வெயிலின் மேல் பழிபோட்டு விட்டுவிடாதீர்கள்.

இரத்தம் வெளியேறும் வழியில் அடைப்பு உள்ள தசைத் தடிப்பு நோயில், உடலில் நீர் வற்றினால் அடைப்பு மிகும். சித்திரை, வைகாசி வெயிலில் வெளியே செல்வோர் இதனை நினைவில் கொள்க. ஆனால் இதயச் செயலிழப்பிற்காகத் தண்ணீரின் அளவு குறிக்கப்பட்டவர்கள், தமக்குரிய அளவை மருத்துவரிடம் கேட்டே பின்பற்ற வேண்டும்.

துடிப்பின் வேகத்தைக் குறைக்கும் மாத்திரைகள் இதயம் தளர்ந்து நிரம்புவதற்கு நேரம் தருகின்றன. உடல் நலமாகத் தோன்றுகிறது என்று அவற்றைத் தாமாகவே நிறுத்தலாகாது. அடுத்த முறை வரும்போது பழைய எக்கோ அறிக்கைகளையும், குடும்பத்தில் யார் யாருக்கு எந்த வயதில் இதய நோய் வந்தது என்ற குறிப்பையும் எடுத்து வாருங்கள்.