பெயருக்கு முன்னால் எத்தனை அடைமொழி?

மொழிபெயர்ப்பு, விளம்பர எழுத்து, விழாத் தொகுப்புரை என்று எந்த வேலைக்குப் போனாலும் முதல் வாரத்திலேயே "இவரைப் பத்தி நாலு வரி எழுதிக் கொடுங்க" என்பார்கள். நாலு வரிதானே என்று உட்கார்ந்தால் முதல் வரியிலேயே சறுக்கும். பூந்தமல்லிக்காரர்களுக்குப் பழகிப் பார்க்க ஊரிலேயே ஆள் இருக்கிறார்: ராமானுஜர் காலத்து வைணவப் பெரியவர் திருக்கச்சி நம்பி.

ஆங்கிலக் குறிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுகிறவர் கையிலிருந்து இப்படி வரும்: ‘திருக்கச்சி நம்பி, தேவராஜாஷ்டகத்தின் ஆசிரியர், பூந்தமல்லியில் பிறந்தார்.’ பிறந்தது ஒருவரா இருவரா? ஆங்கிலத்தில் பெயருக்குப் பின்னால் காற்புள்ளிகளுக்கு நடுவே விளக்கம் உட்காரும். தமிழில் அது முன்னால் நடக்கும்: ‘தேவராஜாஷ்டகம் இயற்றிய திருக்கச்சி நம்பி பூந்தமல்லியில் பிறந்தவர்.’ காற்புள்ளிக்கு வேலையே இல்லை.

பள்ளியில் இருபெயரொட்டு படித்திருப்போம். சாரைப்பாம்பு, பனைமரம், சிறப்புப் பெயர் முன்னே, பொதுப்பெயர் பின்னே, நடுவில் ‘ஆகிய’ மறைந்திருக்கும். மனிதர்களுக்கு வரும்போது வரிசை புரண்டுவிடுகிறது: எழுத்தாளர் அசோகமித்திரன். இதையே ‘அசோகமித்திரன் என்ற எழுத்தாளர்’ என்று மேடையில் சொல்லிப் பாருங்கள், முன்வரிசை முகம் சுளிக்கும். ‘என்ற’ போட்டால் கேட்பவருக்கு அவரைத் தெரியாது என்று பொருள். முதல் கதை வெளியான இளைஞரை அறிமுகப்படுத்த அது சரி. 1996இல் சாகித்திய அகாதமி விருது வாங்கியவருக்கு ஆகாது.

பெரிய பள்ளம் வேறிடத்தில் இருக்கிறது. ‘காஞ்சி வரதருக்கு ஆலவட்டம் வீசிய ராமானுஜரின் வழிகாட்டி திருக்கச்சி நம்பி.’ விசிறியைப் பிடித்தது யார்? வாக்கியப்படி ராமானுஜர். உண்மையில் நம்பி. அடைமொழி தனக்கு அடுத்து வரும் பெயரைப் பிடித்துக்கொள்ளும். உங்கள் மனதில் இருப்பவருக்காகக் காத்திருக்காது. ‘ராமானுஜரின் வழிகாட்டியும் வரதருக்கு ஆலவட்டம் வீசியவருமான திருக்கச்சி நம்பி’ என்று உம்மை கொடுத்து ‘ஆன’வில் முடித்தால் சிக்கல் தீர்ந்தது. எழுதி முடித்ததும் ஒவ்வொரு அடைமொழிக்கும் அடுத்த பெயர் எது என்று விரல் வைத்துப் பாருங்கள். மெய்ப்பு திருத்துபவரின் பாதி வேலை இதுதான்.

எத்தனை அடைமொழி தாங்கும்? என் கணக்கு இரண்டு. (பிளெக்ஸ் பேனர் தனி இலக்கணம், அதைத் தொட வேண்டாம்.) மூன்றாவது செய்தி இருந்தால் பெயரை விட்டு இறங்கி அடுத்த வாக்கியம் தொடங்குங்கள். வரதர் ராமானுஜருக்காகச் சொன்ன ஆறு வார்த்தைகளைக் கேட்டு வந்து சொன்னவர் நம்பி என்பது வைணவ மரபு. இவ்வளவு பெரிய விஷயத்தைப் பெயருக்கு முன்னால் திணித்தால், மைக் பிடித்தவர் நம்பியின் பெயருக்கு வருவதற்குள் மூச்சு வாங்கிவிடுவார்.