ஜெய்சல்மேருக்கு எந்த மாசம் போகலாம்? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்

வகுப்புல யாராவது "ராஜஸ்தான் டூர்" என்று வாயைத் திறந்தாலே அடுத்த கேள்வி தேதிதான். "மே லீவுல போயிடலாம், ஹோட்டல் எல்லாம் பாதி விலை" என்று ஒரு குரூப். "டிசம்பர் கடைசியில போய் நியூ இயர் மணல் மேட்டுல கொண்டாடலாம்" என்று இன்னொரு குரூப். கூகுளைக் கேட்டால் "அக்டோபர் முதல் மார்ச் வரை சிறந்த காலம்" என்று ஒரே வரியில் முடித்துவிடும். ஆனால் அது ஆறு மாசம். அதுக்குள்ளேயே 36 டிகிரி பகலும் இருக்கு, 8 டிகிரி ராத்திரியும் இருக்கு. அதனால அது பதிலே இல்லை.

நாம பொறியியல் படிக்கிறவங்க. தேதி முடிவு பண்றதையும் ஒரு டிசைன் பிராப்ளமா எடுத்துக்கலாம். இந்தக் கட்டுரையில் ஜெய்சல்மேரை வைத்து அந்த முறையைப் பார்ப்போம். முறை பிடிபட்டால் எந்த ஊருக்கும் நீங்களே போட்டுக்கலாம்.

முதல்ல ஊரைத் தெரிஞ்சுக்கலாம்

ராவல் ஜைசல் என்ற பாட்டி ராஜபுத்திர அரசர் 1156-ல் உருவாக்கிய நகரம் இது. தார் பாலைவனத்துக்கு நடுவே, சுமார் 76 மீட்டர் உயரமுள்ள திரிகூட மலை மேல், மஞ்சள் மணற்கல்லில் கோட்டை. மாலை வெயில் பட்டால் தங்கம் மாதிரி மின்னுவதால் 'சோனார் கிலா' என்ற பெயரும் உண்டு. சத்யஜித் ராய் இதை வைத்து 'சோனார் கெல்லா' என்று நாவல் எழுதி, 1974-ல் படமாகவும் எடுத்தார். 2013-ல் ராஜஸ்தானின் மற்ற ஐந்து மலைக்கோட்டைகளோடு சேர்த்து யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

இதில் ஒரு விசேஷம் இருக்கு. இது காலியான கோட்டை இல்லை. உள்ளே இன்னும் ஆயிரக்கணக்கான மக்கள் குடியிருக்காங்க. கடைசியில் இந்த விஷயத்துக்குத் திரும்ப வருவோம். அதுக்கும் தேதிக்கும் சம்பந்தம் இருக்கு.

பாலைவனத்தில் பகல் ஒரு ஊர், ராத்திரி ஒரு ஊர்

சென்னையில் பகலுக்கும் இரவுக்கும் வெப்ப வித்தியாசம் பொதுவா பத்து டிகிரிக்குள் அடங்கிடும். பக்கத்தில் கடல், காற்றில் நீராவி. ஜெய்சல்மேரில் பல மாசங்களில் அந்த வித்தியாசம் சுமார் 16 டிகிரி. ஏன்?

பூமி ராத்திரியில் அகச்சிவப்புக் கதிராக வெப்பத்தை வெளியே விடுது. நீராவியும் மேகமும் அதைப் பிடித்துத் திருப்பி அனுப்பும் போர்வை மாதிரி. தார் பாலைவனத்தில் அந்தப் போர்வை ரொம்ப மெல்லிசு. ஆண்டு மழையே சுமார் 200 மி.மீ.தான். சென்னைக்கு இதைப்போல ஏழு மடங்கு. கூடவே, காய்ந்த மணல் வெப்பத்தை ஆழத்துக்குக் கடத்தாது. மேல்தோல் மட்டும் சீக்கிரம் கொதிக்கும், சீக்கிரம் ஆறும்.

அதனால் "சராசரி வெப்பநிலை" என்ற ஒற்றை எண்ணை நம்பி டிக்கெட் போடக் கூடாது. ஜனவரியில் சராசரி 16 என்று பார்த்து "சூப்பர் க்ளைமேட்" என்று கிளம்பினால், விடியற்காலை 8 டிகிரியில் பல் தந்தியடிக்கும்.

நம்ம அளவுகோல்: பயன்படும் மணி நேரம்

சராசரிக்குப் பதிலா ஒரு புது அளவுகோல் வைப்போம். சூரிய வெளிச்சம் இருக்கும் நேரத்தில், வெளியே வசதியா நடக்கக்கூடிய வெப்பம் எத்தனை மணி நேரம் இருக்கு?

கீழ் எல்லை 15 டிகிரி. மேல் எல்லை 35 டிகிரி. மேல் எல்லைக்குக் காரணம் இருக்கு: நம்ம தோலின் வெப்பம் ஏறக்குறைய 35 டிகிரி. காற்று அதைவிடச் சூடானால், வீசுற காற்று நம்மைக் குளிர்விக்காது, சூடுதான் ஏத்தும்.

ஒவ்வொரு மாசத்துக்கும் வழக்கமான அதிகபட்ச, குறைந்தபட்ச வெப்பத்தை எடுத்து, உச்சம் மதியம் மூணு மணிக்கு என்று வைத்து ஒரு சைன் அலை வரைந்தால் போதும். இது தோராயம்தான், ஆனால் மாசங்களை ஒப்பிடப் போதுமானது.

இன்னொரு விவரமும் சேர்க்கணும். இந்திய நேரம் 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகைக்குக் கணக்கிட்டது. ஜெய்சல்மேர் சுமார் 71 டிகிரியில் இருக்கு. ஒரு டிகிரிக்கு நாலு நிமிஷம் என்றால் முக்கால் மணி நேரம் தாமதம். அதனால ஜனவரியில் அங்கே சூரியன் எழவே ஏழரை ஆகும். ஜூனிலோ மாலை ஏழரை வரை வெளிச்சம் இருக்கும்.

கணக்குப் போட்டால் ஒரு நாளைக்குக் கிடைப்பது இது:

ஜனவரி (24 / 8 டிகிரி): சுமார் 9½ மணி நேரம்
பிப்ரவரி (27 / 11): சுமார் 11
மார்ச் (33 / 17): சுமார் 12
ஏப்ரல் (38 / 22): சுமார் 6
மே (42 / 26): சுமார் 3½
ஜூலை (38 / 27): சுமார் 5
அக்டோபர் (36 / 20): 8-க்கும் குறைவு
நவம்பர் (31 / 13): சுமார் 10½
டிசம்பர் (26 / 9): சுமார் 10

கவனிச்சீங்களா? எல்லாரும் அடிச்சுப் பிடிச்சுப் போற டிசம்பர் கடைசி, ஜனவரிக்கு முதல் மார்க் இல்லை. பிப்ரவரியும் மார்ச்சும் முந்துது, நவம்பரும் கொஞ்சம் மேலதான் நிக்குது. "சீசன்" லிஸ்டில் சேர்த்திருக்கும் அக்டோபர், ஏப்ரலுக்குக் கொஞ்சம்தான் மேல.

ஆனால் மார்ச் 12 மணி நேரம் என்று பார்த்து மாசக் கடைசிக்கு டிக்கெட் போட்டுடாதீங்க. அது மாசச் சராசரி. மார்ச்சில் நாளுக்கு நாள் வெப்பம் ஏறிக்கிட்டே போகும். கடைசி வாரம் ஏப்ரலின் சொந்தக்காரன். முதல் பாதிதான் நமக்கு.

மே மாசம்: விலை பாதி, ஆபத்து முழுசு

"நாம பார்க்காத கத்தரி வெயிலா?" என்று கேட்பவர்களுக்காகவே இந்தப் பகுதி.

நம்ம ஊர் வெயிலில் வியர்வை சட்டையை நனைக்கும். தண்ணீர் போகுதுன்னு கண்ணுக்குத் தெரியும், குடிப்போம். ஜெய்சல்மேர் மே மாச வெயிலில் காற்று அவ்வளவு காய்ஞ்சிருப்பதால் வியர்வை தோலில் வந்த நொடியே ஆவியாகிடும். சட்டை நனையாது. "எனக்கு வியர்க்கவே இல்லை" என்று நினைத்துக்கொண்டே லிட்டர் கணக்கில் தண்ணீரையும் உப்பையும் இழப்போம். 35 டிகிரிக்கு மேல் உடம்புக்கு இருக்கும் ஒரே கூலிங் சிஸ்டம் வியர்வைதான். தண்ணீர் தீர்ந்தால் அது நின்றுவிடும். அதுக்கப்புறம் தலைச்சுற்றல், குழப்பம், ஹீட் ஸ்ட்ரோக். கூட வந்த நண்பன் பேச்சு குழறினால் அது விளையாட்டு இல்லை. உடனே நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பை நனைத்து, விசிறி, மருத்துவமனைக்குக் கொண்டுபோகணும்.

இதோடு 'லூ' என்ற அனல் காற்றும், 'ஆந்தி' என்ற புழுதிப் புயலும் சேரும். மே சராசரி 42 என்றால் உச்சம் அதோடு நிற்காது. 2016 மே 19 அன்று, இதே பாலைவனப் பகுதியில் இருக்கும் பலோடியில் 51 டிகிரி பதிவானது. இந்தியாவிலேயே அதுதான் அதிகபட்சம். ஒரு பாலத்தைச் சராசரி லோடுக்கு டிசைன் பண்ண மாட்டோம் இல்லையா? டூருக்கும் அதே விதிதான்.

மழைக்காலம் எப்படி?

ஜூலை முதல் செப்டம்பர் வரை வருவதுதான் அங்கே மழை. கடிசர் ஏரி நிரம்பும், மணல் நடுவே புல் பச்சை காட்டும். அழகுதான். ஆனால் இந்த மழையை நம்பித் தேதி குறிக்க முடியாது. ஒரு வருஷம் ஏமாற்றும், இன்னொரு வருஷம் கொட்டித் தீர்க்கும். 2006 ஆகஸ்டில் பக்கத்து மாவட்டமான பார்மேரில் ஒரு வருஷ மழைக்கு மேல் சில நாட்களிலேயே பெய்தது. கவாஸ் கிராமத்தில் மண்ணுக்கு அடியில் ஜிப்சம் படிவம் இருந்ததால் தண்ணீர் உள்ளே இறங்காமல் வாரக்கணக்கில் தேங்கி நின்றது. பாலைவனத்திலும் வெள்ளம் வரும்!

இன்னொரு சங்கடம்: அங்கே சின்ன ஹோட்டல்களில் பெரும்பாலும் ஏர் கூலர். காய்ந்த காற்றில்தான் அது நல்லா வேலை செய்யும். மழைக்கால ஈரப்பதத்தில் தண்ணீர் ஆவியாகாது, கூலர் வெறும் ஃபேன் ஆகிடும்.

ஊரே ஒரு ஹீட் டிரான்ஸ்ஃபர் லேப்

அப்போ அந்த ஊர்க்காரங்க மே மாசத்தை எப்படித் தாங்கினாங்க? 1805-ல் கட்டத் தொடங்கிய பட்வா ஹவேலி மாதிரி வீடுகளைப் பாருங்க. நெருங்கி நிற்கும் வீடுகள், நிழல் விழும் ஒடுக்கமான தெரு, கல்லில் குடைந்த ஜாலி ஜன்னல், தடிமனான சுவர்.

சுவர் 45 செ.மீ. தடிமன் என்று வைத்துக்கொள்வோம். மணற்கல்லின் தெர்மல் டிஃப்யூசிவிட்டி வினாடிக்குச் சுமார் 1.1 சதுர மி.மீ. ஒரு நாள் சுழற்சிக்கு வெப்பம் ஊடுருவும் ஆழம் சுமார் 17.4 செ.மீ. வரும். 45-ஐ 17.4-ஆல் வகுத்தால் 2.6. 24 மணி நேரத்தை 6.28-ஆல் வகுத்து அதோடு பெருக்கினால் ஏறக்குறைய 10 மணி நேரம். அதாவது மதியம் மூணு மணிக்கு வெளிச்சுவரில் ஏறிய உச்ச வெப்பம் உள்ளே வந்து சேர ராத்திரி ஒரு மணி ஆகும். அதுவும் ஏற்ற இறக்கத்தில் 8 சதவீதத்துக்கும் கீழே குறைந்துபோய்!

கோடையில் பகலில் வீட்டுக்குள், ராத்திரி மொட்டை மாடியில் படுக்கை என்ற பழக்கத்துக்குப் பின்னால் இருப்பது இந்தக் கணக்குதான். குளிர்காலத்தில் அதே பகல் சூடு ராத்திரி வீட்டுக்குள் கதகதப்பா வந்து சேரும். நமக்கு இதில் ஒரு பாடம் உண்டு. கோட்டை, ஹவேலி மாதிரி கல் கட்டடங்களை மதியத்திலும், மேற்கே 40 கி.மீ. தள்ளியிருக்கும் சாம் மணல் மேடுகளைச் சாயங்காலத்திலும் வைத்துக்கொண்டால் நாள் வீணாகாது.

டிசம்பர் கடைசியும் கோட்டையின் அடித்தளமும்

இனி கோட்டைக்குத் திரும்புவோம். தண்ணீரைத் தலைச்சுமையாகக் கொண்டுவந்து சிக்கனமாகச் செலவழித்த காலத்துக் கட்டுமானம் அது. குழாய்த் தண்ணீர் வந்தது. கோட்டைக்குள் ஹோட்டல்கள் வந்தன. ஒவ்வொரு அறைக்கும் ஷவரும் ஃப்ளஷும் வந்தன. பழைய வடிகாலால் அவ்வளவு தண்ணீரை வெளியேற்ற முடியாமல் அது மலைக்குள் கசிந்தது. மணற்கல்லுக்கு இடையே இருக்கும் களிமண் ஈரத்தில் ஊறி வலுவிழந்தது. 1998-ல் வெளிச்சுவரின் ஒரு பகுதி சரிந்து ஆறு பேர் இறந்தார்கள். உலக நினைவுச்சின்ன நிதியத்தின் ஆபத்துப் பட்டியலிலும் கோட்டை இடம்பெற்றது. சிவில் துறை நண்பர்கள் ஜியோடெக் பேப்பரில் படிப்பது அப்படியே கண்முன்னால் நிக்குது.

கூட்டம் உச்சத்தில் இருக்கும் கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரங்களில்தான் இந்தச் சுமையும் உச்சத்தில் இருக்கும். நாம ரெண்டு மாசம் தள்ளிப் போனால் நமக்கும் நல்ல வானிலை, கோட்டைக்கும் கொஞ்சம் மூச்சு. எந்த மாசம் போனாலும் தங்குவதைக் கோட்டைக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்க. உள்ளே நாள் முழுக்கச் சுத்துங்க, சாப்பிடுங்க, அந்த மக்களிடம் பொருள் வாங்குங்க.

முடிவா என்ன சொல்ல வர்றேன்?

1. முதல் சாய்ஸ்: பிப்ரவரி தொடக்கம் முதல் மார்ச் நடுப்பகுதி வரை. ஐ.வி. கேட்டு ஓ.டி. வாங்க வசதியான காலமும் இதுதான். ஊரைச் சுற்றி ஆயிரம் மெகாவாட்டுக்கு மேல் திறன் கொண்ட காற்றாலைப் பூங்கா இருப்பதால் துறைத்தலைவரிடம் சொல்லக் காரணமும் ரெடி.

2. இரண்டாவது: நவம்பர் நடுப்பகுதி முதல் டிசம்பர் நடுப்பகுதி வரை. செமஸ்டர் தேர்வு எப்போ முடியுதுன்னு பார்த்துக்கோங்க.

3. மாக மாதப் பௌர்ணமியோடு முடியும் மூணு நாள் பாலைவனத் திருவிழா பெரும்பாலும் பிப்ரவரியில் வரும். கூட்டம் ஓகே என்றால் அதைப் பிடிங்க. நட்சத்திரம் பார்க்கணும் என்றால் அமாவாசையை ஒட்டிப் போங்க.

4. டிசம்பர், ஜனவரிதான் ஒரே வழி என்றால் நல்ல ஸ்வெட்டர் கட்டாயம். டெல்லி வழியா போனால் பனிமூட்டத்தால் ரயில் தாமதமாகும், கனெக்‌ஷன் ரயிலுக்கு நிறைய நேரம் விடுங்க.

5. மே, ஜூன்: ஹோட்டல் இலவசம் என்றாலும் வேண்டாம்.

வீட்டுப்பாடம்: இதே முறையில் பிகானேருக்கும் லேவுக்கும் கணக்குப் போடுங்க. ரெண்டுமே வறண்ட ஊர்தான், ஆனால் விடை தலைகீழா வரும். லேவுக்கு எந்த எல்லை, 15-ஆ 35-ஆ, முடிவைத் தீர்மானிக்குது என்று கண்டுபிடிங்க. அடுத்த டூர் தேதிக்குச் சண்டை வரும்போது அந்தத் தாளை நீட்டலாம்!