நூதனசாலைச் சிற்பங்களைப் பார்த்து வரைதல்

மாணவர்களே, நடராசரின் தூக்கிய பாதம் எது என்று கேட்டால் "இடப்பாதம்" என்று சரியாக எழுதுவீர்கள். வரையும்போது அது இடம் மாறிவிடும். சிலையின் இடப்பக்கம் நமக்கு வலப்பக்கம் என்ற எண்ணத்தில் பாதத்தை வலப்புறம் வரைந்துவிடுவோம். உண்மையில் இடக்கால் உடலைக் குறுக்கே கடந்து செல்வதால், பாதம் நமக்கு இடப்புறமே தெரியும். அதைச் சுட்டும் முன் இடக்கையும் மார்பைக் கடந்து அப்பக்கமே வருகிறது. நேரிற் பார்த்து வரைந்தவருக்கு இது மறக்காது.

கொழும்புத் தேசிய நூதனசாலை 1877இல் திறக்கப்பட்டது. பொலன்னறுவைச் சிவாலய இடிபாடுகளில் 1907, 1908ஆம் ஆண்டுகளில் கிடைத்த வெண்கலப் படிமங்கள் அங்குள்ளன. அவை பற்றி ஆனந்த குமாரசுவாமி 1914இல் தனிநூல் வெளியிட்டார். மன்னாரிலிருந்து செல்வோர் மாதோட்டக் கல்வெட்டையும் கேட்டுப் பார்க்கவும். சோழநாட்டுத் தாழிகுமரன் மாதோட்டத்தில் எடுத்த சிவாலயத்தைப் பற்றிய அக்கல்வெட்டு, நம் ஊர்க் கல் அல்லவா!

வரையும் முறை: பென்சிலை நிமிர்த்திப் பிடித்து, தலையிலிருந்து ஊன்றிய பாதம்வரை நிலைக்குத்துக் கோடு ஒன்றை மனதிற் கொள்க. முகத்தின் நீளத்தைப் பென்சிலில் பெருவிரலால் குறித்து, முழு உயரம் அதன் எத்தனை மடங்கு என அளக்கவும். பின்கைகள் தோளிற் பிரிகின்றனவா, முழங்கைக்கு அருகிலா என ஊகிக்காமல் பார்க்கவும். கைகளுக்கிடையே உள்ள வெற்றிடங்களின் வடிவத்தை முதலில் வரைந்தால் கைகள் தாமே சரியாக அமையும். ஆபரணங்கள் கடைசியில். பலர் முதலில் அணிகலனை வரைந்து நேரத்தை இழக்கின்றனர்.

ஓவியர் சில்பி (1919–1983) தமிழகக் கோயிற் சிற்பங்களை அவற்றின் முன்னமர்ந்தே வரைந்தார். அவரது கோட்டோவியங்கள் ஆனந்த விகடனில் "தென்னாட்டுச் செல்வங்கள்" என வெளிவந்தன. மாறாக, பிரெஞ்சுச் சிற்பி ரோடின், சென்னை நூதனசாலை நடராசரின் புகைப்படங்களைப் பார்த்தே கட்டுரை எழுதினார்; அது 1921இல் வெளியானது. புகைப்படத்தாலும் பயனுண்டு. ஆனால் ஒரு கோணம் மட்டுமே கிடைக்கும்.

கொழும்பு செல்ல முடியாதவர் ஊர்க் கோயிலின் கல் நந்தியையோ, தேவாலயச் சுரூபத்தையோ, பெரியவர்களிடம் அனுமதி பெற்று வரையலாம்.

பயிற்சி: ஒரே சிலையை முன்புறமாகவும் பக்கவாட்டிலும் 20 நிமிடங்கள் வீதம் வரைக. இரண்டிலும் உடற்பாரம் எந்தப் பாதத்தில் தங்குகிறது எனக் குறிக்க.