‘கையைப் பிடிச்சா ஒட்டிக்கும்’

“டீச்சர், நாங்க அந்தமான்ல ஜங்லிகாட் ஜெட்டிக்கு மேல மேட்டுல குடியிருக்கோம். பொண்ணுக்கு ஆறு வயசு. பக்கத்து வீட்டு ராஞ்சிக்காரங்க பொண்ணும் இவளும் அங்கன்வாடியிலேருந்தே ஒண்ணாத் திரியறவங்க. ஏப்ரல்ல ரெண்டு பேரையும் ஒண்ணாவதுல சேர்த்தோம். போன வாரம் ஸ்கூல் விட்டு வரும்போது இவ அவ கையை உதறிட்டு, ‘நீ ஜாரவா மாதிரி இருக்க, பிடிச்சா கறுப்பு ஒட்டிக்கும்’னு சொல்லிட்டா. நான் அங்கேயே ஒரு அறை வச்சேன். மாமியார் சிரிச்சாங்க. அந்தப் பொண்ணு அன்னையிலேருந்து எங்க வீட்டுப் பக்கம் வர்றதில்ல. நாங்க யாரும் வீட்டுல அப்படிப் பேசறதில்ல டீச்சர். இவளுக்கு யார் சொல்லிக்குடுத்தது?”

சொல்லிக்கொடுத்தது யார் என்று பிறகு பார்ப்போம். உங்கள் கடிதத்தில் ஒரு குழந்தை ஒரு வாரமாக உங்கள் வீட்டுப் பக்கம் வராமல் இருக்கிறாள். முதல் வேலை அவளிடம்.

இன்று சாயங்காலமே மகளைக் கூட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போங்கள். பலகாரத் தட்டு வேண்டாம், விருந்தாளி மாதிரி ஆகிவிடும். அந்தக் குழந்தையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, “இவ சொன்னது தப்பு. உன் நிறம் நல்ல நிறம். நீ வராம எங்க வீடு நல்லாவே இல்ல” என்று நீங்கள் சொல்லுங்கள். உங்கள் வாயால்தான் வர வேண்டும். ஆறு வயதுப் பிள்ளையை நிறுத்திவைத்து “ஸாரி சொல்லு, ஸாரி சொல்லு” என்று நெருக்கினால், தரையைப் பார்த்துக்கொண்டு ஒரு ஸாரியை முணுமுணுப்பாள். இவளால்தானே இந்த அவமானம் என்று தோழி மேல் கோபம் வேறு வளரும். மகளுக்கு ஒரு வேலையை மட்டும் கொடுங்கள்: மறுநாள் காலை பள்ளிக்குக் கிளம்பும்போது தோழி வீட்டு வாசலில் நின்று அவள்தான் கூப்பிட வேண்டும்.

அந்த அம்மாவிடமும் தனியாகப் பேசுங்கள். “சின்னப் புள்ள, தெரியாம சொல்லிடுச்சு” என்று மட்டும் தொடங்காதீர்கள். அந்தச் சமாதானத்தைப் பெரியவர்கள் சொல்லியே அவர் நிறையக் கேட்டிருப்பார். “உங்க பொண்ணு மனசு நொந்திருக்கும். எங்க வீட்டுல சரிசெய்ய வேண்டியது இருக்கு” என்றால் போதும்.

அடித்தது பற்றி ஒரு வார்த்தை. கோபம் புரிகிறது. ஆனால் அந்த அறையில் மகள் கற்றது ஒன்றுதான்: நிறத்தைப் பற்றி அம்மா காதுபடப் பேசக் கூடாது. பாட்டி சிரித்ததில் இன்னொன்றும் கற்றாள்: மற்றவர்களிடம் பேசலாம்.

இப்போது உங்கள் கேள்வி. ஆறு வயதுக் குழந்தையை யாரும் பலகையில் உட்காரவைத்து வெறுப்பைப் பாடம் சொல்வதில்லை. பிறந்த சிசுவுக்கு எந்த இனத்து முகமும் ஒன்றுதான். மூன்றாம் மாதத்திலேயே, பார்த்துப் பழகிய இனத்து முகங்களை அது கூடுதல் நேரம் பார்க்கிறது. இஸ்ரேலில் எத்தியோப்பியக் குடும்பங்களின் சிசுக்கள், இரண்டு வகை முகங்களையும் பார்த்து வளர்ந்தவை, அப்படி ஒரு பக்கம் சாயவில்லை என்று 2006இல் கண்டார்கள். அதுவரை வெறும் பழக்கம்தான், வெறுப்பு இல்லை. நாலைந்து வயதுக்குள், யாரிடம் நம் முகம் எப்படி மாறுகிறது என்று படிக்கவும் குழந்தை தெரிந்துகொள்கிறது. 2017இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் நாலைந்து வயதுக் குழந்தைகளுக்கு ஒரு படம் காட்டினார்கள். பெரியவர்கள் ஒருத்தியிடம் முகம் மலர்ந்து பேசினார்கள், இன்னொருத்தியிடம் முகம் சுளித்து, விலகி நின்று பேசினார்கள். பேச்சில் குறை ஒன்றும் இல்லை. இருந்தும் குழந்தைகளில் பெரும்பாலோர் முதல் பெண்ணின் பக்கமே சாய்ந்தார்கள்.

“வீட்டில் நாங்கள் பேசுவதில்லை” என்கிறீர்கள். நம்புகிறேன். ஆனால் “வெயில்ல ஆடாத, கறுத்துருவ” என்று எத்தனை முறை சொல்லியிருப்பீர்கள்? நான் சொல்லியிருக்கிறேன், என் அம்மாவும் சொல்லியிருக்கிறார். தமிழ் வீடுகளில் அது குடை எடுத்துக்கொள் என்பது போன்ற சாதாரணப் பேச்சு. கேட்கிற குழந்தைக்கோ, கறுப்பு என்பது கவனமில்லாதவர்களுக்கு வந்து சேரும் ஒரு கேடு. வெளியே போனால் வரும், தொட்டால் ஒட்டும். “ஒட்டிக்கும்” என்று உங்கள் மகள் சொன்னது வசவு மட்டுமல்ல, பாதி அவளுடைய விஞ்ஞானமும் கூட. அந்த வயதில் நிறம் நிரந்தரமானது என்பதே பல பிள்ளைகளுக்குத் திடமாகத் தெரியாது. கிரேயான் பெட்டியில் இளஞ்சிவப்புக் குச்சியை ‘ஸ்கின் கலர்’ என்று கேட்டு வாங்குகிறோமே, அது யாருடைய தோல்? ஜங்லிகாட்டில் அந்த நிறத்தில் ஒரு கையை நான் பார்த்ததில்லை.

அந்தமான் காட்டில் வாழும் பழங்குடி மக்களின் பெயர் ‘ஜாரவா’. அது உங்கள் மகள் வாயில் வசவாக எங்கிருந்து வந்தது? பாராடாங் போயிருக்கிறீர்களா? ஜிர்காடாங் செக்போஸ்ட்டில் விடியற்காலையில் வண்டிகள் வரிசைகட்டி நிற்கும், ஜாரவாக்களின் காட்டு வழியே கான்வாயாகக் கிளம்பும். சுண்ணாம்புக் குகை பார்க்கப் போகிறோம் என்று பெயர். வண்டிக்குள் பெரியவர்கள் எல்லோரும் கண்ணாடிப் பக்கம் சாய்ந்து, குரலைத் தாழ்த்தி, “தெரியுதா, தெரியுதா” என்கிறார்கள். மடியில் இருக்கும் குழந்தை மான் பார்ப்பதற்கும் மனிதரைப் பார்ப்பதற்கும் ஒரே குரல்தான் என்று கற்றுக்கொள்கிறது.

அடுத்து ஒரு நம்பிக்கையைக் கலைக்க வேண்டியிருக்கிறது. நம் தீவை ‘மினி இந்தியா’ என்று பெருமையாகச் சொல்கிறோம். ஜங்லிகாட்டில் தெலுங்கு மீனவர், தமிழர், வங்காளிகள், ராஞ்சிக்காரர்கள், லோக்கல் என்று எல்லோரும் அடுத்தடுத்த கதவு. பிள்ளைகள் கலந்து விளையாடினால் தானாகச் சரியாகிவிடும் என்று நானும் பல வருடம் நம்பினேன். ஆகாது. 1954இல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் முசாஃபர் ஷெரீஃப் என்பவர் 22 பையன்களை முகாமுக்குக் கூட்டிப்போய் இரண்டு அணியாகப் பிரித்தார். போட்டி வைத்தார், பகை மூண்டது. பிறகு ஒன்றாகச் சாப்பிடவைத்தார், படம் பார்க்கவைத்தார். சாப்பாட்டை எடுத்து ஒருவர் மேல் ஒருவர் எறிந்ததுதான் மிச்சம். முகாமுக்குத் தண்ணீர் நின்றுபோய் எல்லோரும் சேர்ந்து குழாயைச் சரிபார்க்க வேண்டி வந்தபோது, லாரியைக் கயிறு கட்டி இழுக்க வேண்டி வந்தபோதுதான் பகை தணிந்தது. பக்கத்தில் பக்கத்தில் இருப்பது வேறு, ஒரே கயிற்றைப் பிடிப்பது வேறு. ஜெட்டியில் படகு இழுப்பவர்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை.

அங்கன்வாடியில் இல்லாத விலகல் ஒன்றாவதில் ஏன் வந்தது? என் சந்தேகம் இரண்டு. ஒன்று பேச்சு. அந்தக் குழந்தை வீட்டில் சாத்ரி பேசுபவளாக இருப்பாள், உங்கள் மகள் தமிழ். இருவருக்கும் நடுவில் அந்தமான் ஹிந்தி. வகுப்பில் யார் ஹிந்தி ‘சுத்தம்’, யார் ஹிந்தி சிரிப்பு என்று தரம் பிரிகிறது. காத்ரின் கின்ஸ்லர் குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவின் ஐந்து வயது வெள்ளைக் குழந்தைகள், வேற்று உச்சரிப்பில் பேசிய வெள்ளைப் பிள்ளையை விட்டுவிட்டு, தங்களைப் போலவே பேசிய கறுப்புப் பிள்ளையை நண்பனாகத் தேர்ந்தெடுத்தார்கள். நிறத்துக்கு முன்னால் காது வந்துவிடுகிறது. மகள் தோழியின் பேச்சைச் சொல்லிக்காட்டிச் சிரிக்கிறாளா என்று கவனியுங்கள். அதைத்தான் முதலில் நிறுத்த வேண்டும். தோழியிடம் நாலு சாத்ரி வார்த்தை கற்று வரச் சொல்லுங்கள். தப்பாகச் சொல்லி அவள் சிரிப்புக்கு ஆளாகட்டும், அது நல்ல மருந்து.

இரண்டாவது சந்தேகம் எங்கள் தொழில் மேல். பல வருடங்களுக்கு முன், ஒரு பள்ளியில், காலைப் பாட்டு சொல்லித்தர வசதியாக இருக்கும் என்று பிள்ளைகளைத் தாய்மொழி வாரியாக வரிசையில் உட்காரவைத்தேன். தமிழ் வரிசை, பங்களா வரிசை, தெலுங்கு வரிசை. ஒரு மாதத்தில் இடைவேளையிலும் அதே வரிசையில் விளையாடினார்கள். ரெபெக்கா பிக்லர் என்பவர் 1990களில் அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நீலமும் மஞ்சளுமாகச் சட்டை கொடுத்துச் செய்த சோதனையைப் பிறகுதான் படித்தேன். ஆசிரியர்கள் அந்த நிறங்களைக் கண்டுகொள்ளாத வகுப்பில் ஒன்றும் நடக்கவில்லை. “நீலம் எல்லாம் இந்தப் பக்கம், மஞ்சள் எல்லாம் அந்தப் பக்கம்” என்று பிரித்த வகுப்பில் சில வாரங்களில் பிள்ளைகள் தங்கள் நிறமே உசத்தி என்றார்கள். ஆசிரியர்கள் யாரையும் குறைத்துப் பேசவில்லை, பிரித்தார்கள், அவ்வளவுதான். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் கையில் கட்டும் சாதிக் கயிற்றின் நிறம் என்ன செய்திருக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். 2023 ஆகஸ்ட்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனை உடன்படித்தவர்களே வீடு புகுந்து வெட்டிய பிறகு அமைந்த நீதியரசர் சந்துரு குழு, அந்தக் கயிறுகளைத் தடைசெய்யச் சொல்லி 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. மகளின் வகுப்பில் யார் யாரோடு உட்காருகிறார்கள் என்று ஒருநாள் போய்ப் பாருங்கள். பிரித்து உட்காரவைத்திருந்தால் டீச்சரிடம் சண்டைக்குப் போகாமல், “ரெண்டு பேரையும் ஒரே பெஞ்சுல போடுங்களேன்” என்று கேளுங்கள். பெரும்பாலும் போட்டுவிடுவோம்.

வீட்டில் மாற்ற வேண்டிய பேச்சு ஒன்று உண்டு. ‘ராஞ்சிக்காரங்க’ என்று கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள், அக்கம்பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம். 1918 முதல் காடு வெட்டச் சோட்டாநாக்பூரிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒராவோன், முண்டா, கரியா மக்களின் வழிவந்தவர்கள் அவர்கள். நம் தீவின் சாலைகளிலும் ஜெட்டிகளிலும் அவர்கள் உழைப்பு இருக்கிறது. அத்தனை பேரும் அந்த ஒரு வார்த்தைக்குள் அடங்கிவிட்டார்கள். “ராஞ்சிக்காரங்க நல்லா உழைப்பாங்க” என்று பாராட்டினால்கூடக் குழந்தை காதில் விழுவது ‘அவங்க ஒரு தனி வகை’ என்பதுதான். 2012இல் நியூயார்க்கில் நாலு வயதுப் பிள்ளைகளுக்கு ‘சார்ப்பி’ என்ற கற்பனை மக்களைப் பற்றிக் கதைப்புத்தகம் வாசித்துப் பார்த்தார்கள். “இந்தச் சார்ப்பி இப்படிச் செய்கிறான்” என்று கேட்டவர்களைவிட, “சார்ப்பிகள் இப்படிச் செய்வார்கள்” என்று கேட்டவர்கள், அது அவர்கள் பிறவிக் குணம் என்று எளிதில் நம்பினார்கள். ஆகவே ‘அவங்க எல்லாம்’ என்று தொடங்கும் பேச்சை, நல்லதோ கெட்டதோ, ஒரு மாதம் நிறுத்திவைத்துப் பாருங்கள். பெயரைச் சொல்லுங்கள். “அவங்கம்மா நண்டுக் குழம்பு நல்லா வைப்பாங்க” என்றால் அது ஒரு ஆளின் கைமணம். மாமியாரோடு வாதாட வேண்டாம். அவர் ஒருமுறை “அவங்க எல்லாம்” என்றால் நீங்கள் சாதாரணமாக, “யாரு அத்தை, எந்த வீடு?” என்று கேளுங்கள். தினமும் கேளுங்கள்.

ஜாரவா விஷயத்தில் ஒரு தப்பு செய்துவிடாதீர்கள். “அவ ஜாரவா இல்லம்மா” என்று மகளுக்குச் சொன்னால் தோழியை மீட்டுவிட்டு, வசவை அப்படியே விட்டுவைக்கிறோம். ஜாரவா என்றால் இழிவு என்பது உறுதியாகிவிடும். ஜாரவா என்பது மற்றவர்கள் வைத்த பெயர், அந்த மக்கள் தங்களை ‘அங்’ என்று சொல்லிக்கொள்கிறார்கள். மகளுக்கு ஒரு ஆளைக் காட்டுங்கள். 1996இல் ஒரு ஜாரவாப் பையன் கதம்தலாப் பக்கம் கால் முறிந்து கிடந்தான். அவனை நம்ம ஊர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சில மாதங்கள் வைத்தியம் பார்த்தார்கள். கட்டுப்போட்ட காலோடு படுத்திருந்தவன் கொஞ்சம் ஹிந்தியும் கற்றுக்கொண்டு ஊர் திரும்பினான். “அம்மா இல்லாம ஆஸ்பத்திரியில எப்படிம்மா இருந்தான்?” என்று உங்கள் மகள் கேட்டால், வேலை பாதி முடிந்தது.

நிறத்தையும் நேராகவே பேசுங்கள். ‘எல்லாரும் ஒண்ணுதான்’ என்று மூடினால் குழந்தை நம்பாது, அதற்குக் கண் இருக்கிறது. எல்லோர் தோலிலும் மெலனின் என்று ஒரு சாயம் உண்டு, அது கூடினால் கறுப்பு, குறைந்தால் வெளுப்பு, வெயிலுக்கு அது குடை, தொட்டால் ஒட்டாது என்று சொல்லுங்கள். தோழி திரும்பி வந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை தாளை விரித்து, இருவர் கையையும் வைத்துக் கோடு இழுத்து, காவி, மஞ்சள், கறுப்பு, கொஞ்சம் சிவப்பு எனத் தண்ணீர் வர்ணம் கலந்து அவரவர் கை நிறத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். உங்கள் மகளின் கைக்கும் கறுப்பு தேவைப்படும். நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம், அவளே கிண்ணத்தைப் பார்ப்பாள்.

இன்னும் கொஞ்ச நாளில் அவள் போர்டில் ஊர்ப்பெயரை எழுத்துக்கூட்டி, “ஜங்லின்னா என்னம்மா?” என்று கேட்பாள். காட்டாள் என்று அர்த்தம். இந்தத் தீவில் முதலில் இருந்தவர்களைப் பின்னால் வந்தவர்கள் கூப்பிட்ட சொல். போர்ட் பிளேரை 2024இல் ஸ்ரீ விஜயபுரம் ஆக்கினார்கள், நம்ம முகவரியில் இந்த ‘ஜங்லி’ மட்டும் அப்படியே இருக்கிறது. மழுப்பாமல் சொல்லுங்கள். மெயின்லேண்டில் யாராவது அவளையே ‘மத்ராஸி’, ‘காலி’ (கறுப்பி) என்று கூப்பிடும் நாள் வந்தால், இந்தப் பதில் அவளுக்கு உதவும்.

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். நீங்கள் போய்ப் பேசிய பிறகும் அந்தக் குழந்தை வராமல் இருக்கலாம். கட்டாயப்படுத்தாதீர்கள், அவள் அம்மாவையும் நெருக்காதீர்கள். வராமல் இருக்க அவளுக்கு உரிமை உண்டு. உங்கள் மகள் மட்டும் தினமும் காலையில் அந்த வாசலில் நின்று ஒருமுறை கூப்பிடட்டும், பதில் வந்தாலும் வராவிட்டாலும். இரண்டு வாரம் கழித்து எனக்கு எழுதுங்கள்.