இளமையில் கழுத்துத் தேய்மானம்: அறுவைச் சிகிச்சை எப்போது?

கேள்வி: முப்பது வயதிலேயே கழுத்தெலும்புத் தேய்மானம் கண்டவர்களுக்கு எந்த அறுவைச் சிகிச்சை ஏற்றது?

பதில்: எம்.ஆர்.ஐ. படத்தில் தேய்மானம் தெரிவது மட்டுமே அறுவைக்குக் காரணமாகாது. முள்ளெலும்புகளுக்கு இடையே மெத்தையாக அமைந்த வட்டு வறண்டு தாழ்வது வலியே இல்லாதவர்களிடமும் காணப்படுவதுண்டு. வட்டு பிதுங்கி நரம்பு வேரை அழுத்துவதால் கையில் இறங்கும் வலி, பெரும்பாலானோருக்கு மருந்தாலும் இயன்முறைப் பயிற்சியாலும் தணிந்துவிடுவதால், சில வாரங்கள் பொறுத்தும் தணியாதபோதோ கையின் வலு குறைந்துவரும்போதோதான் அறுவை பரிசீலிக்கப்படுகிறது. தண்டுவடமே நசுங்கி, நடை தடுமாறி, சட்டைப் பொத்தான் போட விரல்கள் திணறும் நிலை வேறு. அங்கே தாமதம் மீளாத இழப்பைத் தரக்கூடும்.

1950களில் அமெரிக்காவில் ஸ்மித், ராபின்சன் ஆகியோர் வகுத்த முறையில், கழுத்தின் முன்புறமாகச் சென்று வட்டை அகற்றி, மேலும் கீழுமுள்ள எலும்புகளை ஒன்றாக இணைக்கின்றனர். நம்பகமான முறைதான், எனினும் இணைந்த இடம் அசையாமற் போவதால் அண்டை வட்டுகளின் சுமை கூடுவதாகக் கருதப்படுகிறது. 1999இல் வெளியான ஹிலிப்ராண்ட் குழுவினரின் ஆய்வில், ஆண்டுக்குச் சுமார் 3 சதவீதத்தினருக்கு அண்டைப் பகுதியில் புதிய நரம்புத் தொல்லை தோன்றியது. நெடிய வாழ்நாளை எதிர்நோக்கும் இளைஞருக்கு இது சிறிய எண் அன்று. ஆகவே, அசைவைக் காக்கும் செயற்கை வட்டு (அமெரிக்காவில் 2007இல் முதன்முதலாக அனுமதி பெற்றது) இளையோருக்குக் கூடுதலாகப் பொருந்துகிறது; ஆனால் முள்ளெலும்புகளின் பின்புறச் சிறுமூட்டுகள் மிகவும் தேய்ந்தவர்களுக்கும் எலும்படர்த்தி குறைந்தவர்களுக்கும் அது ஏற்றதன்று. பக்கவாட்டில் மட்டும் பிதுக்கம் இருப்பின், பின்புறமாக நரம்புத் துளையை அகலப்படுத்துவதே போதுமானதாகலாம்.