டீவி நிகழ்ச்சியைப் பதிந்து வெட்ட

பெருநாள் நிகழ்ச்சியில் நம்ம பிள்ளை முகம் வருகுதென்றால் அதைப் பதிந்து வைக்க யாருக்கும் ஆசை வரும். கேபிள் பெட்டிக்கும் லேப்டொப்புக்கும் நடுவில் ஒரு யூஎஸ்பி கப்சர் கருவி போதும். மென்பொருளுக்கு ஓபிஎஸ் ஸ்டூடியோ, இலவசம்.

எச்டிஎம்ஐ வயரில் கறுப்புத் திரை மட்டும் வந்தால் கருவி பழுதென்று நினைக்காதீர்கள். சிக்னலில் நகல் தடுப்பு இருக்கலாம்.

எச்டிஎம்ஐ இல்லாமல் ஏவி வயரில் எடுத்தால், எங்கள் ஒலுவில் ஊர்க் கடற்காற்றுக்கு அதன் மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனைகள் பச்சை பூத்துவிடும். உலர்ந்த துணியால் துடைத்துச் செருகினாலே இரையும் சத்தம் பல நேரம் அடங்கும்.

பதிவை எம்கேவி வடிவில் வையுங்கள். இதை மறக்கவே வேண்டாம். நடுவில் கரண்ட் போனாலும் அதுவரை பதிந்தது மிஞ்சும். சாதாரண எம்பி4 என்றால் முழுக் கோப்பும் திறக்காமல் போகலாம். வெட்டுவதற்கு முன் ஓபிஎஸ்ஸிலேயே, தரம் குறையாமல், எம்பி4 ஆக்கிக்கொள்ளலாம்.

நம் இலங்கை ஒளிபரப்பு பால் (PAL) முறை. வினாடிக்கு 25 பிரேம் வையுங்கள். 30 வைத்தால் அசைவு தட்டும். 6 எம்பிபிஎஸ் அளவில் ஒரு மணிநேரத்துக்கு ஏறக்குறைய 2.7 ஜிபி போகும். ஃபேட்32 பென்டிரைவில் 4 ஜிபிக்கு மேல் ஒரே கோப்பு நிற்காது.

ஐந்து நிமிடம் முந்தியே பதிவைத் தொடங்கிவிடுங்கள்.